கீமோ நடக்கும்போது அம்மாவுக்கு கால் ரிஃப்ளெக்ஸாலஜி பண்ணலாமா? சித்தி விடமாட்டேங்குறாங்க

மல்லிகைப்பந்தல்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சிட்டு மட்டும் போயிடுவேன், இன்னைக்கு தான் முதல் தடவையா கேக்குறேன், கொஞ்சம் நீளமா போயிடும் பொறுத்துக்கோங்க.

அம்மாவுக்கு 58 வயசு. மார்புல கட்டி, வலது பக்கம் ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. அப்புறம் அந்த சிவப்பு மருந்து 4 தடவை ஏத்துனாங்க, இப்ப பாக்லிடாக்சல்னு இன்னொரு கீமோ ஊசி, வாரத்துக்கு ஒண்ணுனு மொத்தம் 12, அதுல 5 முடிஞ்சிருக்கு. முடி கொட்டுனதக் கூட அம்மா தாங்கிக்கிட்டாங்க, இப்ப பாடு படுத்துறது கால் தான். ரெண்டு உள்ளங்காலும் மரத்துப் போகுது, ராத்திரியானா ஊசி குத்துற மாதிரி எரிச்சல், நடந்தா தலகாணி மேல கால் வைக்குற மாதிரி இருக்குடிங்குறாங்க. தூக்கமே இல்ல. அப்பாவும் கூடவே முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

எங்க சித்திக்கு போன வருஷம் குதிகால் வலி இருந்துச்சு, திண்டுக்கல்ல ஒரு ரிஃப்ளெக்ஸாலஜி சென்டருக்கு போய் சரியாச்சாம், உள்ளங்கால்ல ஒவ்வொரு இடமும் ஒரு உறுப்புனு சொல்லி அமுக்கி விடுவாங்களே, அது. அதுல இருந்து அவங்க அந்த சென்டருக்கே அம்பாசடர் மாதிரி ஆயிட்டாங்க. தினமும் போன், அக்காவ கூட்டிட்டு வா கூட்டிட்டு வானு. சரினு போன ஞாயித்துக்கிழமை போனோம். சுவத்துல பெரிய பாதம் படம், பெருவிரல் தலை, அதுக்கு கீழ நுரையீரல், நடுவுல கிட்னி, குதிகால் இடுப்புனு கலர் கலரா போட்டிருக்கு. அவரு ஒரு மரக்குச்சிய வெச்சு அழுத்திக்கிட்டே வந்தாரு, அம்மா எந்த இடத்துல ஆனு கத்துறாங்களோ அந்த இடத்துக்கு ஒரு உறுப்பு பேர் சொன்னாரு. கிட்னி வீக்கா இருக்காம், லிவர்ல மருந்துக் கழிவு தேங்கி நிக்குதாம். 10 சிட்டிங் 6500 ரூபாய். அது கூட பரவால்ல, கிளம்புற நேரத்துல மெதுவா, "ஊசிய ஒரு மாசம் தள்ளிப் போட்டீங்கன்னா கழிவு சீக்கிரம் இறங்கிடும்"னாரு. எனக்கு திக்னு ஆயிடுச்சு.

ஆனா ஒண்ணு உண்மைய சொல்லணும், அன்னைக்கு ராத்திரி அம்மா 5 மணி நேரம் அசந்து தூங்குனாங்க. அதான் என் குழப்பமே. ஆள் சொல்றது பயமா இருக்கு, ஆனா தூக்கம் வந்துச்சே! டாக்டர் கிட்ட கேட்டா திட்டுவாரோனும் இருக்கு. யாராச்சும் வீட்டுல கீமோ டைம்ல இத பண்ணிப் பாத்திருக்கீங்களா?


நைட்டூட்டி_நர்ஸ்

மல்லிகை, நான் கேன்சர் டே கேர் வார்டுல 9 வருஷமா இருக்கேன், அதனால முதல்ல அவசரமானத சொல்லிடுறேன், மத்தத அப்புறம் பேசலாம்.

ஊசிய தள்ளிப் போடாதீங்க. யார் சொன்னாலும். தள்ளிப் போடணுமா, டோஸ் குறைக்கணுமாங்குறத அம்மாவோட ஆன்காலஜி டாக்டர் மட்டும் தான் முடிவு பண்ணணும்.

ரெண்டாவது, அந்த மரத்துப் போறது, எரிச்சல், பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்குறது எல்லாமே பாக்லிடாக்சல் நரம்ப தாக்குறதால வர்றது, நியூரோபதினு சொல்லுவோம். இத இன்னும் டாக்டர் கிட்ட சொல்லலைனா நாளைக்கே சொல்லுங்க, அடுத்த ஊசிக்கு முன்னாடியே சொல்லணும். நிறைய பேர் கீமோன்னா இப்படித்தான் இருக்கும்னு பல்ல கடிச்சுக்கிட்டு இருந்துட்டு 10வது 11வது ஊசில வந்து நடக்க முடியலங்குறாங்க. அது எவ்வளவு தூரம் போயிருக்குனு பாத்து தான் டோஸ மாத்துவாங்க, எரிச்சலுக்கும் மாத்திரை இருக்கு. டாக்டர் திட்டுவாருனு நெனச்சு மறைக்குற விஷயம் இல்ல இது.

கால்ல கை வைக்குறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது: ரெண்டு காலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தா, கெண்டைக்கால் சூடா, அழுத்துனா வலியா இருந்தா, அங்க யாரும் அமுக்கவே கூடாது. கேன்சர் இருக்கும்போது கால் ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டிக்குற வாய்ப்பு அதிகம், அந்தக் கட்டி கழண்டு நுரையீரலுக்கு போச்சுனா உயிருக்கே ஆபத்து. நேரா ஆஸ்பத்திரிக்கு போய் ரத்த ஓட்டத்த பாக்குற டாப்ளர் ஸ்கேன் எடுக்கணும். எங்க வார்டுல ஒரு அம்மாவுக்கு வீங்குன கால வீட்டுல எல்லாரும் மாத்தி மாத்தி நீவி விட்டுருக்காங்க, நல்லவேளை வேற எதுக்கோ வந்தவங்கள நாங்க பாத்தோம்.

அப்புறம் பிளேட்லெட், ரத்தம் உறைய உதவுற அணு. 1.5 லட்சத்துக்கு மேல இருந்தா நார்மல், கீமோல அது இறங்கும். ரொம்ப இறங்கியிருக்கும்போது மரக்குச்சில அழுத்துனா அங்கங்க ரத்தம் கட்டி நீலம் பாரிச்சிடும். வெள்ளணுவும் குறையும், கிருமி சுலபமா தொத்திக்கும், அந்தக் குச்சிய அவரு எத்தனை பேர் கால்ல வெச்சாரோ, கால் ஊற வைக்குற டப்புல எத்தனை பேர் கால் வெச்சாங்களோ. இதெல்லாம் அவங்க கேட்டாங்களா உங்ககிட்ட? கேட்டிருக்க மாட்டாங்க.

கால் பிடிச்சு விடுறதே தப்புனு நான் சொல்லல, அத தனியா எழுதுறேன், டூட்டிக்கு கூப்பிடுறாங்க.


சந்தேகப்பிராணி

கிட்னி வீக்குனு உள்ளங்கால பாத்து கண்டுபிடிச்ச மகானுக்கு ஒரு கும்பிடு.

மல்லிகை மேடம், ஒரு சின்ன வேலை பண்ணுங்க. அம்மாவுக்கு ஊசி போடுறதுக்கு முன்னாடி ரத்தம் எடுக்குறாங்கல்ல, அந்த ரிப்போர்ட்ட எடுத்து கிரியாட்டினின் எவ்வளவுனு பாருங்க, அது தான் கிட்னி. எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடினு ரெண்டு இருக்கும், அது லிவர். அது நார்மலா இருந்தா அந்த ஆள் சொன்னது பொய், அவ்வளவு தான்.

இந்தப் பாதம் படத்தோட கதைய கேளுங்க. 5000 வருஷத்து சீன ரகசியம்னு போர்டுல எழுதுவாங்க, ஆனா இப்ப சுவத்துல தொங்குற படம் அமெரிக்காவுல பொறந்தது. வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டுனு காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருத்தர், உடம்ப தலையில இருந்து கால் வரைக்கும் நெடுக்க 10 மண்டலமா பிரிச்சாரு, விரல்ல ரப்பர் பேண்ட் மாட்டுனா, கிளிப் போட்டா அந்த மண்டலத்துல வலி குறையும்னாரு, 1917-ல புத்தகமே போட்டாரு. அதுக்கப்புறம் யூனிஸ் இங்காம்னு ஒரு அம்மா, பிசியோதெரபிஸ்ட், 1930கள்ல அத பாதத்துக்கு கொண்டு வந்து எந்த இடத்துல எந்த உறுப்புனு வரைஞ்சாங்க. அவ்வளவு தான் வயசு. எங்க தாத்தாவ விட சின்னது.

உடனே எகிப்துல சக்காரா கல்லறையில படம் இருக்கேனு யாராச்சும் வருவீங்க. இருக்கு, ஒருத்தர் காலையும் கையையும் இன்னொருத்தர் பிடிச்சிருக்குற மாதிரி. அது நகம் வெட்டுறதா, அமுக்கி விடுறதா, வைத்தியமானு அறிஞர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. எங்க பாட்டி தாத்தாவுக்கு திண்ணையில உக்காந்து கால் பிடிச்சு விட்டதையும் கல்லுல செதுக்கியிருந்தா இன்னும் 4000 வருஷம் கழிச்சு அதுவும் ரிஃப்ளெக்ஸாலஜி தான்.

இந்தப் படத்த சோதிச்சும் பாத்திருக்காங்க. 2000-ல வந்த ஒரு ஆய்வு, 18 பேர், யாருக்கு என்ன வியாதினு சொல்லாம ரெண்டு ரிஃப்ளெக்ஸாலஜிஸ்ட் கிட்ட காலை மட்டும் காட்டுனாங்க. சரியா கண்டுபிடிக்க முடியல, ரெண்டு பேர் சொன்னதும் ஒண்ணோட ஒண்ணு ஒத்தும் போகல. எட்சார்ட் எர்ன்ஸ்ட்னு மாற்று மருத்துவத்தையே வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி பண்ண பேராசிரியர், 2009-ல 18 ஆய்வுகள அலசிப் பாத்துட்டு எந்த வியாதிக்கும் இது வேலை செய்யுதுங்குறதுக்கு உறுதியான ஆதாரம் இல்லனு எழுதுனாரு. ஆஸ்திரேலியாவுல 2019 ஏப்ரல் 1-ல இருந்து தனியார் இன்சூரன்ஸ்ல இதுக்கு காசு தர்றதையே நிறுத்திட்டாங்க. 6500-க்கு அம்மாவுக்கு மாதுளம்பழம் வாங்கிக் குடுங்க.


கிள்ளான்_காரன்

வணக்கம் தங்கச்சி, நான் மலேசியாவுல கிள்ளான்ல இருக்கேன். இந்த வேலை தான் நான் செய்றது, 17 வருஷம் ஆச்சு. பசியாறிட்டு இத படிச்சேன், மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

அந்த சென்டர்காரர் பேசுனது எங்க தொழிலுக்கே அசிங்கம். எனக்கு சொல்லிக் குடுத்த சீனப் பெரியவர் முதல் நாளே சொன்னாரு, நீ டாக்டர் கிடையாது, வாயில வியாதி பேர் வரக்கூடாதுனு. இங்க கோலாலம்பூர்ல புக்கிட் பிந்தாங் ரோட்டுல நடந்தீங்கன்னா வரிசையா கால் கடை தான், வாசல்ல பாதம் படம் பிடிச்சுக்கிட்டு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. அங்க வர்றவங்க பாதி பேரு வெளியூர் ஆளுங்க, ஷாப்பிங் பண்ணி கால் வலிச்சு வர்றாங்க, 1 மணி நேரம் உக்காந்து குறட்டை விட்டுட்டு போறாங்க. என் கடையில 1 மணி நேரத்துக்கு 60 வெள்ளி (ரிங்கிட்) வாங்குறேன், அதுக்கு நான் குடுக்குறது நல்ல ஓய்வு, அதுக்கு மேல சத்தியம் பண்ணமாட்டேன்.

குச்சி வெச்சு வலிக்க வலிக்க அழுத்துற முறை தைவான் பக்கம் இருந்து வந்தது. அங்க சுவிட்சர்லாந்து பாதிரியார் ஒருத்தர் இருந்தாரு, ஃபாதர் ஜோசப் ஆய்க்ஸ்டர், அவருக்கே முட்டி வலி, ஒரு புத்தகத்த பாத்து தன் காலையே அமுக்கி அமுக்கி பழகி, அப்புறம் ஊர் ஆளுங்களுக்கு செஞ்சு, பெரிய கூட்டமே சேர்ந்துடுச்சு. எங்க பக்கம் வந்து சேர்ந்ததும் அதே வழி தான். வலிச்சா தான் வேலை செய்யுதுனு ஜனங்களுக்கும் ஒரு நெனப்பு. ஆனா தங்கச்சி, மரத்துப் போன காலுக்கு அது ஆகாது. மரத்த இடத்துல நம்ம எவ்வளவு அழுத்துறோம்னு அவங்களுக்கே தெரியாது, கத்தமாட்டாங்க, நம்ம இன்னும் அழுத்துவோம், தோல் கிழிஞ்ச பிறகு தான் தெரியும்.

கால்ல கத்துற இடமெல்லாம் வியாதி இல்ல. நின்னு வேலை செய்றவங்களுக்கு குதிகால் கத்தும், தட்டையான செருப்பு போடுறவங்களுக்கு நடுப்பாதம் கத்தும். அழுத்துறப்ப உள்ள கரகரனு மணல் மாதிரி தட்டுப்படும், அத கழிவு, உப்புக்கட்டினு சொல்லி பயமுறுத்துவாங்க. நானும் ஆரம்பத்துல நம்புனேன், இப்ப நம்புறது இல்ல.

மூணு மாசத்துக்குள்ள கர்ப்பமா இருக்குறவங்க, சர்க்கரை புண் உள்ளவங்க, கால் வீங்கி வர்றவங்க, இவங்கள நான் தொடுறது இல்ல. கேன்சர் ஆளுங்க வந்தா டாக்டர் கடிதாசு கேப்பேன். 3 பேர் கொண்டு வந்திருக்காங்க, குச்சி இல்லாம வெறும் கட்டைவிரலால மெதுவா செஞ்சேன், எல்லாருமே தூங்கிட்டாங்க.

சந்தேகப்பிராணி தம்பிக்கு ஒண்ணு சொல்றேன், படம் பொய்யாவே இருக்கட்டும். எனக்கு அந்தப் படம் எதுக்கு உதவுதுன்னா, பெருவிரல்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு விரலா, மேடு, நடு, ஓரம், குதிகால்னு ஒரு இடம் விடாம வரிசையா போறதுக்கு. படம் இல்லாம செய்றவன் ரெண்டு நிமிஷத்துல ரெண்டு இழு இழுத்து விட்டுடுவான் லா.


வத்தலக்குண்டு_வாத்தியார்

சுருக்கமா சொல்றேன். எங்கப்பாவுக்கு 20 வருஷமா சுகர். பொருட்காட்சியில முள்ளு முள்ளா இருக்குற அக்குபிரஷர் செருப்பு ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு, தினமும் அத மாட்டிக்கிட்டு மொட்டை மாடியில எட்டு நடை. கால் மரத்திருந்ததால கொப்புளம் வந்ததே தெரியல, பித்தவெடிப்புனு நெனச்சு தைலம் தடவிக்கிட்டு இருந்தாரு. கடைசில சுண்டுவிரல எடுக்க வேண்டியதாப் போச்சு. எட்டு நடை நல்லது தான், நடந்தா எல்லாருக்கும் நல்லது, ஆனா மரத்துப்போன காலுக்கு முள்ளு செருப்பும் கூழாங்கல்லும் எமன். அந்த செருப்பு இன்னும் பரண்ல கெடக்கு, தூக்கிப் போட மனசு வரல, ஏன்னு தெரியல.


மல்லிகைப்பந்தல்

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. படிச்சதும் முதல் வேலையா ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தேன், கிரியாட்டினின் 0.8, லிவர்ல எல்லாமே நார்மல்னு போட்டிருக்கு. அத போட்டோ எடுத்து சித்திக்கு அனுப்பினேன். "ரத்தத்துல தெரியாதது கால்ல தெரியும்"னு பதில் வந்துச்சு. இதுக்கு நான் என்ன சொல்ல?

வாத்தியார் சார், படிச்சு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

கால் ரெண்டையும் சேத்து வெச்சுப் பாத்தேன் நர்ஸ் அக்கா, வீக்கம் இல்ல, ரெண்டும் ஒரே மாதிரி தான் இருக்கு. ஆனா இடது காலுல மெட்டி போட்டிருக்குற விரல்ல தோல் கொஞ்சம் வழண்டிருக்கு, அம்மாவுக்கு அது தெரியவே இல்ல. பாத்ததும் பகீர்னு ஆயிடுச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரி போறோம், எல்லாத்தையும் கேட்டுட்டு வந்து சொல்றேன். இன்னொரு கேள்வி, பண்ணவே கூடாதுனு இல்லனா வீட்டுல நானே பண்ணலாமா? அம்மா தூங்குனது பொய் இல்லையே.


சந்தேகப்பிராணி

தூங்குனது பொய்னு நான் சொல்லல மேடம். அரை மணி நேரம் ஒருத்தர் பொறுமையா கால் பிடிச்சு விட்டா எனக்கும் தூக்கம் வரும். என் சண்டை அந்தப் படத்தோடயும் அந்த 6500-ஓடயும் தான். கிள்ளான் அண்ணன் சொன்ன வரிசைக் கணக்கு நியாயமா இருக்கு, அத நான் யோசிக்கல, ஒத்துக்குறேன். ஆனா அப்ப அத வரிசைனு சொல்லுங்க, கிட்னினு ஏன் சொல்றீங்க.


நைட்டூட்டி_நர்ஸ்

இப்ப தான் டூட்டி முடிஞ்சு வந்தேன், பஸ்ல இருந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சிடுங்க.

நீங்களே பண்ணலாம் மல்லிகை, அதுவும் உங்க மாதிரி மார்பு புற்றுநோய் கேஸ்லயே இத பாத்திருக்காங்க. அமெரிக்காவுல மிச்சிகன்ல ஒரு நர்சிங் பேராசிரியர், குவெண்டலின் வயட்னு பேரு, முத்திப்போன மார்பு புற்றுநோய்க்கு கீமோவோ ஹார்மோன் சிகிச்சையோ எடுக்குற 385 பெண்கள வெச்சு ஆய்வு பண்ணாங்க, அதுல முக்கியமா மூணு குழு. ஒரு குழுவுக்கு ரிஃப்ளெக்ஸாலஜி, ஒரு குழுவுக்கு சும்மா கால நீவி விடுறது, இன்னொண்ணுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2012-ல முடிவு வந்துச்சு. ரிஃப்ளெக்ஸாலஜி குழுவுக்கு மூச்சு வாங்குறது குறைஞ்சுது, மாடி ஏறுறது, வீட்டு வேலை பாக்குறது மாதிரி அன்றாட விஷயங்கள் கொஞ்சம் சுலபமாச்சு. வலி, வாந்தி வர்ற மாதிரி இருக்குறது, பதட்டம், மனச்சோர்வு, இதுல எல்லாம் வித்தியாசம் இல்ல. இதால எல்லாம் தீந்துடும்னும் சொல்ல முடியாது, ஒண்ணுமே இல்லனும் சொல்ல முடியாது, நடுவுல எங்கயோ நிக்குது.

அதுக்கப்புறம் அவங்களே இன்னொண்ணு பண்ணாங்க, அது தான் எனக்கு பிடிச்சது. 256 நோயாளிங்க, ஒவ்வொருத்தரோடயும் வீட்டு ஆள் ஒருத்தர், புருஷனோ மகளோ தோழியோ. அவங்களுக்கு கத்துக்குடுத்து, வாரத்துக்கு ஒரு தடவையாச்சும் 30 நிமிஷம், 4 வாரம் வீட்டுலயே பண்ண சொன்னாங்க. பண்ணாதவங்கள விட இவங்களுக்கு மொத்தத்துல தொந்தரவுகள் குறைஞ்சுது. சந்தேகப்பிராணி இப்ப என்ன கேப்பீங்கனு தெரியும், எதிர்க் குழுவுக்கு யாரும் கால தொடல, அதனால குறைஞ்சதுக்கு காரணம் அந்தக் குறிப்பிட்ட புள்ளிகளா, இல்ல வீட்டு ஆள் பக்கத்துல உக்காந்து கால பிடிச்சதானு இத வெச்சு பிரிச்சு சொல்ல முடியாது. எனக்கு அது பிரியவே வேண்டாம். 6500 தேவையில்லங்குறது மட்டும் புரியுது.

டாக்டர் சரினு சொன்ன பிறகு எப்படி பண்றதுனு சொல்றேன். முதல்ல மெட்டிய கழட்டுங்க, கழட்டமாட்டேன்னு அடம் பிடிப்பாங்க, தோல் வழண்டிருக்கு பாத்தீங்களா அதான் காரணம்னு காட்டுங்க. விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு எல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க, புண்ணு கொப்புளம் இருந்தா அந்தப் பக்கம் போகவே வேண்டாம். கால வெந்நீர்ல ஊற வைக்காதீங்க, வெதுவெதுனு தண்ணி எடுத்தாலும் உங்க முழங்கைய விட்டுப் பாத்துட்டு ஊத்துங்க, மரத்த காலுக்கு சூடு தெரியாது, வெந்து போயிடும். உங்க நகத்த ஒட்ட வெட்டிக்கோங்க. தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு போதும், கட்டைவிரலோட தட்டையான பக்கத்தால, பழுத்த தக்காளிய பிடிக்குற அளவு அழுத்தம். அதுக்கு மேல வேண்டாம். ஒரு காலுக்கு 15 நிமிஷம். முடிச்சதும் எண்ணெய துணியால சுத்தமா துடைச்சுடணும், இத மறந்துட்டு எழுந்து பாத்ரூம் போய் வழுக்கி விழுந்தவங்க இருக்காங்க. வீட்டுக்குள்ளயும் பின்னாடி வார் வெச்ச செருப்பு போடட்டும்.

கையிலயும் பண்ணுவாங்க இத, ஆனா அம்மாவுக்கு வலது பக்கம் ஆபரேஷன்னு சொன்னீங்க, அக்குள்ல நெறிக்கட்டி எடுத்திருந்தா வலது கைய அழுத்தி எதுவும் பண்ண வேண்டாம், கை வீங்கிக்கும்.

100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல் வந்தா ராத்திரி எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரி. அது கால் சம்பந்தமில்ல, ஆனா நான் யார்கிட்ட பேசுனாலும் இத சொல்லாம முடிக்க மாட்டேன்.


கிள்ளான்_காரன்

நர்ஸ் அம்மா எழுதுனத அப்படியே எங்க கடையில ஒட்டலாம் போலிருக்கு. ஒண்ணே ஒண்ணு சேக்குறேன். செய்யும்போது தங்கச்சி பேசாம செய்ங்க, டிவி அணைச்சிடுங்க, கைபேசிய தூர வெச்சிடுங்க. ஒரு கை எப்பவும் கால விட்டு எடுக்காதீங்க, கை மாத்துறப்பவும் ஒண்ணு அங்கயே இருக்கணும். கைய எடுத்து எடுத்து வெச்சா தூக்கம் கலையும். அப்புறம் கணுக்கால மெதுவா சுத்தி விடுங்க, ரெண்டு பக்கமும். கால் ரொம்ப கூசுறவங்களா இருந்தா உள்ளங்கையால முழுப் பாதத்தையும் கொஞ்ச நேரம் சும்மா பிடிச்சுக்கிட்டு இருந்தாலே போதும்.


மல்லிகைப்பந்தல்

மூணு வாரம் கழிச்சு வர்றேன், பதில் போடாம ஓடிட்டேனு நெனச்சிருப்பீங்க.

டாக்டர் திட்டவே இல்ல. நான் தான் ஒரு மாசமா வீணா பயந்துட்டு இருந்திருக்கேன். கால் விஷயத்த ஏன் இவ்வளவு லேட்டா சொல்றீங்கனு மட்டும் கேட்டாரு. டோஸ கொஞ்சம் குறைச்சாரு, ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதினாரு, 6, 7, 8 மூணு ஊசியும் தள்ளிப் போகாம போட்டாச்சு. கால் அமுக்குறதப் பத்தி கேட்டேன், பிளேட்லெட் பாத்துட்டு மெதுவா பண்ணுங்க, குச்சி கிச்சி வேண்டாம்னாரு. அந்த சென்டர்ல கழிவுனு சொன்னத சொன்னதும் டாக்டர் சிரிக்கல, கோபப்படவும் இல்ல, "இத கேட்டுட்டு ஊசிக்கு வராம நின்னுடுறாங்கம்மா சில பேரு, அதான் பயம்"னாரு.

மரத்துப் போறது போகல, அத மறைக்காம சொல்லிடுறேன். எரிச்சல் குறைஞ்சிருக்கு, அது மாத்திரையாலயா கை பட்டதாலயானு எனக்குத் தெரியல, சந்தேகப்பிராணி சார் மாத்திரைனு தான் சொல்லுவீங்க, இருக்கட்டும். தூக்கம் இப்ப 4, 5 மணி நேரம் வருது.

முதல் வாரம் நான் பண்ணேன். அப்புறம் நான் மதுரைக்கு திரும்ப வேண்டியதாயிடுச்சு, புள்ளைக்கு பரீட்சை. அப்பாவ பண்ண சொன்னேன். அங்க தான் பெரிய ரகளை. புருஷன் பொண்டாட்டி கால பிடிக்குறதா, எனக்கு பாவம் சேரும், ஊர் என்ன சொல்லும்னு அம்மா கால மடக்கிக்கிட்டு உக்காந்துட்டாங்க. ஊருக்கு எப்படிம்மா தெரியும்னா சித்திக்கு தெரிஞ்சுடும்னாங்க, அது நியாயம் தான். அப்பா ஒண்ணும் பேசல. அன்னைக்கு ராத்திரி அம்மா கண்ணு அசந்ததும் போர்வைக்கு கீழ கைய விட்டு பிடிச்சு விட்டிருக்காரு. ரெண்டு நாள் அம்மா தூங்குற மாதிரியே இருந்திருக்காங்க. மூணாவது நாள் கண்ண மூடிக்கிட்டே, "இடது கால இன்னும் பாக்கலையே"னு சொன்னாங்களாம்! அப்பா போன்ல இத சொல்லும்போது அவருக்கே சிரிப்பு தாங்கல.

சித்தி 10 சிட்டிங்குக்கு அட்வான்ஸ் 2000 கட்டிட்டாங்களாம், திரும்பித் தரமாட்டாங்களாம். அவங்க குதிகாலுக்கே அத பயன்படுத்திக்கட்டும்னு விட்டுட்டோம்.

இப்ப ஒரு சின்ன கேள்வி தான். அப்பாவுக்கு 64, முட்டி வலி, தரையில உக்காந்து அரை மணி நேரம் பண்ண முடியல, நாற்காலியில உக்காந்தா குனிய வேண்டியிருக்கு, இடுப்பு பிடிச்சுக்குது. என்ன பண்ணலாம்?


கிள்ளான்_காரன்

அம்மாவ கட்டில்ல நீட்டிப் படுக்க வெச்சு, கால் கட்டில் ஓரத்துக்கு வர்ற மாதிரி, முட்டிக்கு கீழ ஒரு தலகாணி. அப்பா கட்டில் கால்மாட்டுல நாற்காலி போட்டு உக்காரட்டும், கட்டில் உயரமும் நாற்காலி உயரமும் ஒண்ணா இருக்கணும். குனியவே வேண்டியதில்ல. எங்க கடை நாற்காலியெல்லாம் அந்தக் கணக்கு தான்.


நைட்டூட்டி_நர்ஸ்

கால்மாட்டுல பலகை வெச்ச பழைய கட்டிலா இருந்தா அம்மாவ தலைமாட்டுப் பக்கமா கால் நீட்ட சொல்லாதீங்க, அதுக்கும் சித்தி ஒண்ணு சொல்லுவாங்க 😄 பக்கவாட்டுல உக்காந்து ஒரு ஒரு காலா அப்பா மடியில எடுத்து வெச்சு பண்ணட்டும். பிளேட்லெட் இந்த வாரம் எவ்வளவு வந்துச்சு, அத சொல்லவே இல்லையே?


மல்லிகைப்பந்தல்

1.7 லட்சம் அக்கா. பழைய தேக்குக் கட்டில் தான், பலகை இருக்கு. மடியில வைக்குறதுனா அம்மா ஒத்துக்கணும். இன்னைக்கு ராத்திரி அப்பாவ கேட்டு சொல்றேன்.